வீட்டில் ஓடிய நிரல் பள்ளியில் ஏன் நின்றது?

மேல்நிலை வகுப்புகளுக்கான கணினி அறிவியல் செயல்பாடு: இயக்க அமைப்பையும் நுண்செயலி வகையையும் அடையாளம் காணுதல்

பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு ஊரைப் பற்றிய ஒரு சிறு செயல்திட்டம் கொடுப்பது என் வழக்கம். ஒரு மாணவி தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளை எடுத்துக்கொண்டாள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று மேலிருந்து கீழாக ஒரு கோப்பில் தமிழில் தட்டச்சு செய்திருந்தாள். எண்ணைக் கொடுத்தால் அணைக்கட்டின் பெயர் வரும். இருபது வரிக்கும் குறைவான பைத்தான் நிரல்தான்.

பள்ளி ஆய்வகத்தில் அதை இயக்கியதும் திரை முழுவதும் சிவப்பு எழுத்து.

"சார், வீட்ல ஓடுச்சு சார். ராத்திரிகூட ரெண்டு தடவ ஓட்டிப் பாத்தேன்."

"வீட்ல ஓடுனா இங்கயும் ஓடணும்லா? எங்கயோ மாத்தி அடிச்சிருக்க. போய்த் திருத்திட்டு வா."

மூன்று நாள் கழித்து வந்தாள். நிரல் ஓடியது. ஆனால் அணைக்கட்டுப் பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்தில் இருந்தன. ஏன் என்று கேட்டேன். "தமிழ்ல எழுதுனா கம்ப்யூட்டர் எடுக்காது சார்" என்றாள்.

அந்தப் பதில் என்னை உறுத்தியது. அவள் நிரலில் மாற்றி அடித்தது எதுவும் இல்லை. வீட்டிலிருந்தது அவளுடைய அக்காவுக்கு அரசு கொடுத்த மடிக்கணினி. அதில் விண்டோஸ் பழுதாகிப்போனதால் லினக்ஸில் வேலை பார்த்திருக்கிறாள். பள்ளியில் இருந்தது விண்டோஸ். நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்: "வீட்டில் என்ன கணினி?" அதைக் கேட்காததால் ஒரு குழந்தை மூன்று நாள் சரியான நிரலைத் திருத்திக்கொண்டிருந்தது. அதோடு, தமிழைப் பற்றி ஒரு தவறான முடிவுக்கும் வந்துவிட்டது. அதன் பிறகு என் வகுப்பில் நடத்திவரும் இரண்டு பாடவேளைச் செயல்பாட்டை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

கற்றல் விளைவுகள்

இப்பாடத்தின் முடிவில் மாணவர்கள்
1. தாம் பயன்படுத்தும் கருவியின் நுண்செயலி வகை, இயக்க அமைப்பு, மென்பொருளின் பிட் அளவு ஆகியவற்றைக் கண்டறிவர்.
2. பைத்தான் நிரல் வழியாக அவற்றைக் கேட்டறிவர். கிடைக்கும் விடைகளின் பொருளை விளக்குவர்.
3. நிரல் எப்போது தளத்தை விசாரிக்க வேண்டும், எப்போது விசாரிக்கத் தேவையில்லை என்று வேறுபடுத்துவர்.

நம் மாணவர் வீடுகளில் உள்ள கருவிகள்

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. எல்காட் நிறுவனம் வழியாக வழங்கப்பட்ட அம்மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. பாஸ் என்பது சி-டாக் நிறுவனம், டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு நம் நாட்டில் உருவாக்கியது. கணினியைத் திறக்கும்போது எது வேண்டும் என்று தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அண்ணன், அக்கா வாங்கிய அந்தக் கணினிகள் இன்றும் பல வீடுகளில் வேலை செய்கின்றன. அவற்றுள் 32 பிட் விண்டோஸ் உள்ளவற்றையும் பார்த்திருக்கிறேன், 64 பிட் உள்ளவற்றையும் பார்த்திருக்கிறேன். கணினி இல்லாத வீட்டில் ஆண்ட்ராய்டு கைப்பேசி இருக்கிறது. அதிலேயே பைத்தான் பழகும் பிள்ளைகள் உண்டு.

ஆக, ஒரே வகுப்பில் ஒரே பாடநூலைப் படிக்கும் பிள்ளைகள் நான்கைந்து விதமான தளங்களில் பயிற்சி செய்கிறார்கள். நம் பதினொன்றாம் வகுப்புப் பாடநூலும் விண்டோஸ், உபுண்டு இரண்டையும் அறிமுகம் செய்கிறது. நாம்தான் ஆய்வகத்தில் இருப்பது மட்டுமே கணினி என்று நினைத்துவிடுகிறோம்.

முதல் பாடவேளை: மூன்று அடுக்குகள்

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துவிடுவது நல்லது. 'செயலி' என்றால் மாணவர்களுக்குக் கைப்பேசியில் இருக்கும் ஆப்தான் நினைவுக்கு வரும். எனவே கணினியின் மையச் சில்லை 'நுண்செயலி' என்றே சொல்கிறேன்.

கரும்பலகையில் மூன்று கட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வரைகிறேன். அடியில் நுண்செயலி, நடுவில் இயக்க அமைப்பு, மேலே மென்பொருள். மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்.

நுண்செயலி: இன்று நம் கைக்கு எட்டும் கருவிகளில் பெரும்பாலும் இரண்டு குடும்பங்கள் உள்ளன. ஒன்று எக்ஸ்86 குடும்பம். 1978-இல் இன்டெல் வெளியிட்ட 8086 என்னும் சில்லிலிருந்து வந்ததால் இந்தப் பெயர். மேசைக் கணினிகளிலும் பெரும்பாலான மடிக்கணினிகளிலும் இதுதான் இருக்கிறது. மற்றொன்று ஆர்ம் குடும்பம். இதன் முதல் சில்லு 1985-இல் இங்கிலாந்தின் ஏக்கார்ன் நிறுவனத்தில் உருவானது. குறைந்த மின்சாரத்தில் வேலை செய்வதால் கைப்பேசிகளில் இதுவே நிறைந்திருக்கிறது. 2020 முதல் ஆப்பிள் மடிக்கணினிகளும் இந்தக் குடும்பத்துக்கு மாறின. மூன்றாவதாக ரிஸ்க்-ஃபைவ் என்னும் திறந்த கட்டமைப்பு வளர்ந்துவருகிறது. சென்னை ஐஐடி உருவாக்கிய 'சக்தி' நுண்செயலி இவ்வகையைச் சேர்ந்தது என்று சொன்னால் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

ஒரு குடும்பத்துக்கான கட்டளைகள் மற்றொரு குடும்பத்துக்கு நேரடியாகப் புரியாது. கைப்பேசி ஆப் கோப்பைக் கணினியில் போட்டு இருமுறை சொடுக்கினால் திறக்காததற்கு இயக்க அமைப்பு வேறு என்பது ஒரு காரணம். நுண்செயலி வேறு என்பது இன்னொரு காரணம்.

பிட் அளவு: 32 பிட் முகவரியால் 2-இன் அடுக்கு 32, அதாவது 4,29,49,67,296 பைட்டுகளை மட்டுமே குறிக்க முடியும். அதுதான் 4 ஜிபி. அதற்கு மேல் நினைவகத்தைத் தாராளமாகப் பயன்படுத்த 64 பிட் தேவைப்பட்டது. பிட் அளவு மூன்று அடுக்குகளுக்கும் தனித்தனியாக உண்டு என்பதே இங்கு முக்கியம். 64 பிட் நுண்செயலியில் 32 பிட் விண்டோஸ் இருக்கலாம். 64 பிட் விண்டோஸில் 32 பிட் பைத்தான் ஓடலாம். ஆனால் 32 பிட் விண்டோஸில் 64 பிட் பைத்தான் ஓடாது. மேலடுக்கு கீழடுக்கை விடச் சிறியதாக இருக்கலாம், பெரியதாக இருக்கக்கூடாது என்று சொன்னால் பிள்ளைகள் மறப்பதில்லை.

இதில் நானே ஒருமுறை இடறியிருக்கிறேன். ஆய்வகத்தில் நிறுவிய அதே பைத்தான் கோப்பைப் பென் டிரைவில் போட்டு ஒரு மாணவனிடம் கொடுத்தேன். அவன் வீட்டு மடிக்கணினியில் ஏறவில்லை. கோப்பு 64 பிட், அவனுடைய விண்டோஸ் 32 பிட். சரியான பிட் அளவில் மறுபடி கொடுத்தேன், அதுவும் ஏறவில்லை. அவனிடம் இருந்தது விண்டோஸ் 7. பைத்தான் 3.8 தான் விண்டோஸ் 7-க்கு வந்த கடைசி வரிசை, 3.9 முதல் அதில் இயங்காது. ஆகவே இயக்க அமைப்பின் பெயர் மட்டுமல்ல, பதிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது.

கண்டறியும் வழிகள்

விண்டோஸ் 10, 11: செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று சென்றால் 'சிஸ்டம் டைப்' என்னும் வரி இருக்கும். அதில் இயக்க அமைப்பின் பிட் அளவும் நுண்செயலியின் வகையும் தனித்தனியாகவே எழுதப்பட்டிருக்கும். '32 பிட் ஆபரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 பேஸ்டு ப்ராசசர்' என்று வந்தால், மேலே சொன்ன அடுக்குப் பாடத்துக்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

லினக்ஸ்: டெர்மினலில் 'யூநேம்' என்னும் கட்டளையோடு, இடைவெளி விட்டு, கழித்தல் குறியும் 'எம்' எழுத்தும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். 'எக்ஸ்86_64' என்று வந்தால் 64 பிட். 'ஐ686' என்று வந்தால் 32 பிட். 'ஏஆர்ச்64' என்று வந்தால் 64 பிட் ஆர்ம்.

பைத்தான்: 'பிளாட்ஃபார்ம்' என்னும் தொகுதியை இறக்குமதி செய்து, அதிலுள்ள 'சிஸ்டம்' செயற்கூற்றை அழைத்தால் இயக்க அமைப்பின் பெயரும், 'மெஷின்' செயற்கூற்றை அழைத்தால் நுண்செயலி வகையும் கிடைக்கும். பைத்தானின் பிட் அளவை அறிய 'சிஸ்' தொகுதியிலுள்ள 'மேக்ஸ்சைஸ்' மதிப்பை அச்சிட வேண்டும். 2147483647 என்று பத்து இலக்கம் வந்தால் 32 பிட் பைத்தான். 9223372036854775807 என்று பத்தொன்பது இலக்கம் வந்தால் 64 பிட்.

குழப்பும் பெயர்கள்

மாணவர்கள் தினமும் பார்க்கும் ஐடில் சாளரத்தின் முதல் வரியிலேயே ஒரு புதிர் இருக்கிறது. பதிப்பு எண்ணுக்குப் பின் '64 பிட் (ஏஎம்டி64)' என்று இருக்கும். வரியின் முடிவில் 'வின்32' என்று இருக்கும். இதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். உடனே கேள்விகள் வரும்.

"சார், 64ன்னு சொல்லிட்டு 32ன்னும் சொல்லுது?" 'வின்32' என்பது பிட் அளவு அன்று. விண்டோஸின் கட்டளைத் தொகுப்புக்கு வைத்த பழைய பெயர். 64 பிட் வந்த பிறகும் பெயர் அப்படியே நின்றுவிட்டது.

"எங்க கம்ப்யூட்டர் இன்டெல் சார், ஏஎம்டின்னு வருது?" எக்ஸ்86 குடும்பத்தை 64 பிட்டுக்கு நீட்டித்து 2003-இல் முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது ஏஎம்டி நிறுவனம். பிறகு இன்டெலும் அதையே பின்பற்றியது. அதனால் இன்டெல் சில்லு உள்ள கணினியிலும் விண்டோஸ் 'ஏஎம்டி64' என்றே சொல்லும். லினக்ஸ் அதையே 'எக்ஸ்86_64' என்கிறது. இரண்டும் ஒன்றே.

மேலும் இரண்டு பெயர்களைச் சொல்லிவைப்பது நல்லது. ஆப்பிள் கணினியில் பைத்தான் 'டார்வின்' என்று விடை தரும். அது மேக் இயக்க அமைப்பின் அடித்தளத்தின் பெயர். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் 'லினக்ஸ்' என்று வந்தால் தவறு என்று நினைக்க வேண்டாம். ஆண்ட்ராய்டின் கருவகம் லினக்ஸ்தான். பைத்தான் 3.13 முதல்தான் 'ஆண்ட்ராய்டு' என்றே விடை வருகிறது.

இங்கே ஒன்றை வலியுறுத்துகிறேன். ஒரே பொருளுக்கு இத்தனை பெயர் இருப்பதால், 'ஏஎம்டி64' என்று வந்தால் மட்டும் 64 பிட் என்று எழுதிய நிரல் லினக்ஸில் ஏமாந்துபோகும். விடையை ஒப்பிடும் முன் எல்லாப் பெயர்களையும் பட்டியலிட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் பாடவேளை: எப்போது கேட்பது, எப்போது விடுவது?

இவ்வளவும் தெரிந்ததும் மாணவர்கள் எல்லாவற்றுக்கும் 'விண்டோஸாக இருந்தால் இப்படி, லினக்ஸாக இருந்தால் அப்படி' என்று எழுதத் தொடங்கிவிடுவார்கள். அணைக்கட்டு நிரலுக்கும் முதலில் அந்தத் தீர்வைத்தான் சொன்னார்கள். அதற்கு முன் அந்தப் பிழை எதனால் வந்தது என்று வகுப்பிலேயே பிரித்துப் பார்த்தோம்.

கோப்பு லினக்ஸில் சேமிக்கப்பட்டது. அங்கே எழுத்துக் குறியாக்கம் இயல்பாகவே யூடிஎஃப்-8. அதில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள். பள்ளியில் இருந்த ஆங்கில அமைப்பு விண்டோஸில், குறியாக்கம் இன்னதென்று சொல்லாமல் கோப்பைத் திறந்தால், பைத்தான் 1252 என்னும் பழைய மேலை ஐரோப்பியக் குறியாக்கத்தை எடுத்துக்கொள்கிறது. அதில் தமிழுக்கு இடமே இல்லை. பெரும்பாலான பைட்டுகளை வேறு ஏதோ எழுத்தாக வாசித்துவிடும். ஆனால் நம் மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளியின் மூன்றாவது பைட்டு, பதினறும எண்ணில் 8டி. 1252 பட்டியலில் அந்த இடம் காலி. அங்கே பைத்தான் நின்றுவிடும்.

பிழைச் செய்தியில் '41-ஆம் இடம்' என்று இருந்தது. 'கோடைமேலழகியான்' என்னும் பெயரை எண்ணச் சொன்னேன். க, ஓகாரக் குறி, ட, ஐகாரக் குறி என்று எண்ணினால் கடைசிப் புள்ளிக்கு முன் 13 குறிகள். பதின்மூன்று மூன்று முப்பத்தொன்பது பைட்டுகள். கணினி சுழியத்திலிருந்து எண்ணுவதால் அவை 0 முதல் 38 வரை. புள்ளியின் மூன்று பைட்டுகள் 39, 40, 41. அந்த 41-இல்தான் நின்றிருக்கிறது. வகுப்பில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பிழைச் செய்தி என்பது திட்டுவது அன்று, இடத்தைக் காட்டுவது என்று அன்று புரிந்தது.

இப்போது தீர்வு எது? விண்டோஸா என்று விசாரித்து, ஆம் என்றால் மட்டும் யூடிஎஃப்-8 என்று திறக்கலாம். வேலை நடக்கும். ஆனால் தேவையற்ற விசாரணை. கோப்பு எங்கே இருந்தாலும் யூடிஎஃப்-8 தான். எனவே கோப்பைத் திறக்கும் கட்டளையிலேயே 'என்கோடிங்' என்னும் அளபுருவுக்கு யூடிஎஃப்-8 என்று எப்போதும் எழுதிவிடுவதே சரி. அப்போது எந்தத் தளமாக இருந்தாலும் ஒரே நிரல் ஓடும்.

இதை விளக்க நம் ஊர் வயலையே எடுத்துக்கொள்கிறேன். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த அம்பை 16 குறுகிய கால ரகம். கார் பருவத்துக்கு விதை வாங்கும் விவசாயி, எத்தனை நாள் பயிர், ஆற்றில் எவ்வளவு தண்ணீர் என்று கேட்டுத்தான் வாங்குகிறார். பருவம் மாறினால் ரகம் மாறும் என்பதால் அந்த விசாரணை தேவை. ஆனால் களை எடுக்க வேண்டுமா என்று காருக்கும் பிசானத்துக்கும் தனித்தனியாக யாரும் கேட்பதில்லை. எந்தப் பருவத்திலும் எடுத்தே ஆக வேண்டும். தளத்துக்குத் தளம் மாறுவதை மட்டும் கேட்போம். எங்கும் பொதுவாகச் செய்யக்கூடியதைக் கேட்காமல் செய்துவிடுவோம்.

கேட்கத் தேவையில்லாதவை:
• தமிழ்க் கோப்புகளைத் திறத்தல். குறியாக்கத்தை எப்போதும் குறிப்பிட்டால் போதும்.
• கோப்புப் பாதை. விண்டோஸ் பின்சாய்வுக் கோடும் லினக்ஸ் முன்சாய்வுக் கோடும் பயன்படுத்தும். 'ஓஎஸ்' தொகுதியின் பாதை இணைக்கும் செயற்கூறு தளத்துக்கு ஏற்ற கோட்டைத் தானே போட்டுக்கொள்ளும்.
• கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து. விண்டோஸ் வேறுபாடு பார்க்காது, லினக்ஸ் பார்க்கும். எப்போதும் சிறிய எழுத்தில் பெயர் வைக்கப் பழக்கினால் சிக்கல் இல்லை.

கேட்க வேண்டியவை:
• நிறுவும் கோப்பைத் தேர்ந்தெடுத்தல். நுண்செயலி வகை, பிட் அளவு, இயக்க அமைப்பின் பதிப்பு ஆகிய மூன்றும் வேண்டும்.
• திரையைத் துடைத்தல் போன்ற இயக்க அமைப்புக் கட்டளைகள். விண்டோஸில் 'சிஎல்எஸ்', லினக்ஸில் 'கிளியர்'.
• பைத்தான் வழியாக சி++ நிரலை இயக்குதல். பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் உள்ள இந்தப் பாடம் விண்டோஸை முன்வைத்து எழுதப்பட்டது. விண்டோஸில் மொழிபெயர்த்த கோப்புக்கு 'இஎக்ஸ்இ' என்னும் பின்னொட்டு வரும். பெயரைச் சொன்னாலே ஓடும். லினக்ஸில் பின்னொட்டு இராது. பெயருக்கு முன் ஒரு புள்ளியும் முன்சாய்வுக் கோடும் சேர்த்தால்தான் ஓடும். வீட்டில் லினக்ஸ் வைத்திருக்கும் பிள்ளை இங்கே கட்டாயம் தடுமாறும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வகுப்புச் செயல்பாடு: நம் வகுப்பின் கருவிக் கணக்கெடுப்பு

முதல் பாடவேளை முடிந்ததும் ஒவ்வொரு மாணவரும் வீட்டில் தான் பயன்படுத்தும் கருவியைப் பற்றி ஐந்து விவரங்கள் எழுதி வர வேண்டும்: கருவி (மேசைக் கணினி, மடிக்கணினி, கைப்பேசி), இயக்க அமைப்பும் பதிப்பும், நுண்செயலிக் குடும்பம், இயக்க அமைப்பின் பிட் அளவு, பைத்தானின் பிட் அளவு. கருவி இல்லாதவர்கள் ஆய்வகக் கணினியைக் குறித்துக்கொள்ளட்டும். யாரிடம் என்ன இருக்கிறது என்பதை வகுப்பில் பெயர் சொல்லி வாசிக்க வேண்டாம். தாளில் பெயர் எழுதாமல் வாங்கிக் கரும்பலகையில் எண்ணிக்கையாக மட்டும் தொகுப்பதே நல்லது.

பிறகு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் ஒரே சிறு நிரலை எழுத வேண்டும். நிரல் தான் ஓடும் தளத்தைக் கேட்டு, 'இந்தக் கணினிக்கு இன்ன நிறுவல் கோப்பு பொருந்தும்' என்று ஒரு வரி தமிழில் சொல்ல வேண்டும். தெரியாத பெயர் வந்தால் ஏதோ ஒன்றை ஊகித்துச் சொல்லாமல், 'இந்தத் தளம் என் பட்டியலில் இல்லை' என்று சொல்லி, வந்த பெயரை அப்படியே அச்சிட வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைக்கு நான் தனி மதிப்பெண் தருகிறேன்.

மதிப்பீட்டு வினாக்கள்

1. ஒரு கணினியில் 'மெஷின்' செயற்கூறு 'ஏஎம்டி64' என்றும், 'மேக்ஸ்சைஸ்' 2147483647 என்றும் விடை தருகின்றன. மூன்று அடுக்குகளில் எது 32 பிட்?
2. 'வின்32' என்று வந்ததால் தன் கணினி 32 பிட் என்கிறான் ஒருவன். அவனுக்கு என்ன விடை சொல்வீர்கள்?
3. தமிழ்ப் பெயர்கள் உள்ள கோப்பைத் திறக்க, இயக்க அமைப்பைச் சோதிக்காமலே எல்லாத் தளங்களிலும் ஓடுமாறு நிரலின் ஒரு வரியை மாற்றி எழுதுக.
4. விண்டோஸில் ஓடி லினக்ஸில் ஓடாத ஒரு நிரல் வரியைக் கண்டுபிடித்துக் காரணம் கூறுக.

நமக்கு ஒரு பழக்கம்

இப்போது என் மாணவர்களின் செய்முறைப் பதிவேட்டில் ஒவ்வொரு நிரலின் கீழும் மூன்று விவரங்கள் இருக்கும்: இயக்க அமைப்பு, நுண்செயலி வகை, பைத்தான் பதிப்பும் பிட் அளவும். "வீட்ல ஓடுச்சு சார்" என்று யாராவது சொன்னால் முதலில் இரண்டு பதிவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். வேறுபாடு அங்கே இல்லையென்றால்தான் நிரலில் பிழை தேடுகிறோம். பெரும்பாலும் பிழை நிரலில்தான் இருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் அதைப் பார்த்த பிறகு சொல்வதற்கும் பார்க்காமல் சொல்வதற்கும் வேறுபாடு உண்டு.

அந்த மாணவியிடம் வகுப்பிலேயே என் தவற்றை ஒப்புக்கொண்டேன். அவள் கோப்பைத் திறக்கும் வரியில் குறியாக்கத்தைச் சேர்த்தாள். எட்டு அணைக்கட்டுகளின் பெயர்களையும் மறுபடி தமிழில் தட்டச்சு செய்து இயக்கினாள். 'கோடைமேலழகியான்' புள்ளியோடு திரையில் வந்தது.